சுவர் இருந்தால்தான் சித்திரம்
(வைகாசிப் பௌர்ணமி விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வணக்கத்துக்குரிய பிக்கு பந்தே அவர்களே, விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் வார்டு உறுப்பினர்களே, மகளிர் குழுத் தலைவிகளே, வரவேற்புரையில் எல்லாருடைய பட்டங்களையும் ஒன்று விடாமல் வாசித்த பொருளாளர் அவர்களே, என் பெயருக்கு நேரே ‘இருபது நிமிடம்’ என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கும் செயலாளர் தம்பி அவர்களே, ஜமுக்காளத்தில் கால் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குப் போர்த்திய சால்வைக்கு நன்றி. மேடையில் பதினோரு பேருக்குச் சால்வை போர்த்தியிருக்கிறீர்கள். அடுத்த பௌர்ணமிக்குப் பதினோரு பிளாஸ்டிக் வாளி வாங்கிக் கொடுங்கள், அதையும் கைதட்டி வாங்கிக்கொள்கிறோம். ஏன் வாளி என்று பிறகு சொல்கிறேன்.

நான்கு செய்திகளைப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் காலத்து பௌத்த சங்கங்கள், பௌர்ணமிதோறும் ஒருநாள் தியான முகாம் நடத்தும் முறை, பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு, பாலி மொழி வந்தனையைத் தமிழில் சொல்லலாமா என்ற கேள்வி. நான்கையும் பேசி முடிப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பொய் சொல்லாதே என்கிற நாலாவது சீலம் தடுக்கிறது.

முதல் செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குப் போய், சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் என்னும் ஐந்து ஒழுக்கங்களை ஏற்றுத் திரும்பினார். சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது. பிறகு கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், அதோடு பெங்களூர், திருப்பத்தூர், கடல் கடந்து ரங்கூன் என்று கிளைகள் பிறந்தன. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் வந்தது. இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் கூடுவதற்கு முதலில் ஓர் இடம் பிடித்தார்கள். உட்கார இடம், விளக்கு, வாசிக்க ஒருவர். அதற்குப் பிறகுதான் உபந்நியாசம் எல்லாம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது செய்தி, ஒருநாள் முகாம். இதற்குப் பெரிய ஞானம் தேவையில்லை, கணக்குத் தெரிந்தால் போதும். நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டரைக்குப் பெயர்ப் பதிவு. அப்போதே கைப்பேசிகளை அணைத்து, துணிப்பையில் போட்டு, எண் எழுதிய அட்டை கொடுத்துவிட வேண்டும். ‘சைலன்டில் போட்டிருக்கிறேன்’ என்பவருடைய போன்தான் முதலில் அலறும். ஒன்பதுக்குப் புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் திரிசரணம், விரும்புகிறவர்களுக்கு எட்டுச் சீலம். ஒன்பதரையிலிருந்து நாற்பது நிமிடம் உட்கார்ந்து தியானம், இருபது நிமிடம் நடைத் தியானம், மறுபடி அதே வரிசை. பதினொன்றரைக்குச் சாப்பாடு, பன்னிரண்டுக்குள் முடிய வேண்டும், எட்டுச் சீலம் எடுத்தவர்கள் உச்சிக்குப் பிறகு சாப்பிட மாட்டார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களை இந்த விரதத்தில் சேர்க்காதீர்கள். ஐந்து சீலத்தோடு அவர்கள் இருக்கட்டும். பதிவுத் தாளிலேயே இதைக் கேட்டு எழுதிவிடுங்கள். மாலை மூன்றரைக்கு ஒரு தம்ம உரை, நாலரைக்கு எல்லாருக்கும் நலம் நினைக்கும் மெத்தா பாவனை, ஐந்து மணிக்கு வீட்டுக்கு.

சமையலுக்கு அரிசி நாலரைக் கிலோ, துவரம் பருப்பு ஒன்றரைக் கிலோ, காய் ஐந்து கிலோ, மோருக்கு நாலு லிட்டர் தயிர். வடை, அப்பளம், பாயசம் வேண்டாம். ‘புண்ணிய காரியம், நான் பாயசம் போடுகிறேன்’ என்று யாராவது முன்வருவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள். பாயசம் போட்ட முகாமில் மதியம் ஒன்றரை மணிக்குத் தியானக் கூடத்தில் கேட்பது குறட்டைதான்.

உட்காரும் முறையில்தான் புதியவர்கள் பயந்து ஓடுகிறார்கள். வெறும் பாயில் சம்மணம் போட்டால் முட்டி இடுப்பைவிட உயரமாக நிற்கும், முதுகு கூனும், பத்து நிமிடத்தில் கால் மரத்துப் போகும். ஜமுக்காளத்தை மடித்து நாலு முதல் ஆறு அங்குல உயரத்துக்குப் பின்பக்கம் மட்டும் வைத்தால் முட்டி தானாகத் தரையைத் தொடும். அப்படியும் முடியாதவர்களுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி. நாற்காலிக் காலில் ரப்பர் குமிழ் மாட்டுங்கள், டைல்ஸில் அது போடும் சத்தம் நாற்பது பேரையும் எழுப்பும். ஆனாபானம் என்கிற மூச்சுக் கவனத் தியானத்தில் பலரும் செய்கிற தவறு ஒன்று: மூச்சைக் கவனி என்றால் மூச்சை இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். வேண்டுமென்றே ஆழமாக இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் தலை சுற்றும். இது பிராணாயாமம் அல்ல. மூக்கு நுனியில் தானாக வந்து போவதைத் தெரிந்துகொண்டிருந்தால் போதும், குட்டை மூச்சென்றால் குட்டை மூச்சு. தூக்கம் வந்தால் கண்ணைத் திறக்கலாம், எழுந்து நிற்கலாம், குற்றமில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்த ஊர்களில்கூடக் காலையில் இருபத்தாறு பெண்கள் வந்தால் மதியத்துக்குப் பிறகு ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். ‘பெண்களுக்குத் தியானத்தில் ஈடுபாடு குறைவு’ என்று அதற்கு விளக்கமும் தருகிறார்கள். ஐயா, அவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை! ஏன் குடிக்கவில்லை? போவதற்கு இடமில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். தண்ணீர் குடிக்காமல் இந்த வைகாசி வெயிலில் உட்கார்ந்தால் தலைவலி வரும், அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வரும். வீட்டுக்குப் போய் ‘எனக்குத் தியானம் ஒத்துக்கலை’ என்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். இருபத்தாறு பெண்கள், ஒரு கழிப்பறை, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் எழுபத்தெட்டு நிமிடம். இடைவேளை இருபது நிமிடம். மூன்று கழிப்பறை இருந்து, பாதிப் பேர் உட்கார்ந்திருக்கும்போது மீதிப் பேரை நடைத் தியானத்துக்கு அனுப்பினால், பதின்மூன்று பேருக்குப் பதினைந்து நிமிடம் போதும். வரிசை நிற்பதே நடைத் தியானத்தின் ஒரு பகுதி ஆகிவிடும். சுவர் இருந்தால்தான் சித்திரம். நான் சொல்கிற சுவர் கழிப்பறைச் சுவர்.

சபையில் இதைப் பேசலாமா என்று சிலர் நெளிவது தெரிகிறது. ததாகதர் புத்தரே பேசியிருக்கிறார். பிக்குகளுக்கான ஒழுங்குமுறை நூலான விநய பிடகத்தில் சுள்ளவக்கம் என்ற பகுதியைப் புரட்டுங்கள். பிக்குகள் ஆராமத்தில் கண்ட இடத்தில் போய் இடம் கெட்டது. ஒரே இடத்தில் போங்கள் என்றார். திறந்தவெளியில் வெட்கமாக இருந்தது. செங்கல், கல், மரம் இந்த மூன்றில் ஒன்றால் சுவர் எழுப்புங்கள் என்றார். குழியின் விளிம்பு சரிந்தது. அதையும் கட்டச் சொன்னார். தள்ளாத வயதுப் பிக்கு ஒருவர் எழும்போது விழுந்தார். பிடித்துக்கொள்ளத் தொங்கும் பிடி வைக்கச் சொன்னார். மூத்தவர்கள் முதலில் என்று முறை வைத்ததில், முன்பே வந்து காத்திருந்த இளைய பிக்குகள் அடக்கி அடக்கி மயங்கி விழுந்தார்கள். உடனே, இங்கே மூப்பு பார்க்க வேண்டாம், வந்த வரிசைப்படி போங்கள் என்றார். சங்கம் முழுவதும் மூப்பு வரிசையில் நடந்தபோது அந்த வரிசை செல்லாது என்று அவர் சொன்ன இடங்களில் இதுவும் ஒன்று. மேடையில் இருக்கும் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. கோசம்பியில் கோசிதாராமம் என்று ஒரு விகாரை. அங்கே இரண்டு பெரிய பிக்குகள். ஒருவர் தம்மம் பேசுவதில் வல்லவர், மற்றவர் விநயத்தில் கரை கண்டவர். ஆளுக்கு ஐந்நூறு மாணவர்கள் என்கிறது உரைநூலான அட்டகதை. அட்டகதைகளுக்கு ஐந்நூறு என்ற எண்மீது தனிப் பிரியம். ஒருநாள் தம்மப் பேச்சாளர் கழிப்பறைக்குப் போனார். கழுவிய மிச்சத் தண்ணீரைக் கொட்டாமல் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு வந்தார். அடுத்துப் போனவர் யார்? விநயக்காரர். வெளியே வந்து கேட்டார்: “தண்ணீரை விட்டது நீங்களா?” “ஆமாம்.” “அது குற்றம் என்று தெரியாதா?” “தெரியாதே! குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன்.” “வேண்டுமென்று செய்யவில்லை அல்லவா, அப்படியானால் குற்றமில்லை.” அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. விநயக்காரர் அறைக்குப் போய்த் தம் மாணவர்களிடம், “அவருக்குக் குற்றம் செய்தது கூடத் தெரியவில்லை” என்றார். மாணவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த அணி மாணவர்களைப் பார்த்து, “உங்கள் ஆசிரியர் குற்றவாளி” என்றார்கள். தம்மப் பேச்சாளர் காதுக்குப் போனது. “அப்போது குற்றமில்லை என்றவர் இப்போது குற்றம் என்கிறார். அவர்தான் பொய்யர்” என்றார். தம்மப் பேச்சாளரைச் சங்கத்திலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். விகாரை இரண்டாகப் பிரிந்தது. சோறு போடுகிற ஊர்மக்கள் இரண்டு கட்சி. பிக்குணிகள் இரண்டு கட்சி. வானத்துத் தேவர்களும் கட்சி பிரிந்து, தகராறு பிரம்மலோகம் வரை போனதாம். நம்மூர் வாய்க்கால் தகராறு தாலுகா ஆபீசைத் தாண்டியதில்லை!

பகவான் வந்து சமாதானம் சொன்னார். தந்தையைக் கொன்ற அரசனைப் பழிவாங்காமல் விட்ட தீகாவு இளவரசன் கதையைச் சொன்னார். அப்போது ஒரு பிக்கு எழுந்து, “பகவானே, நீங்கள் நிம்மதியாக இருங்கள், இந்தச் சண்டையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றாரே பார்க்கலாம். பகவான் தம் பாத்திரத்தையும் சீவர ஆடையையும் தாமே எடுத்துக்கொண்டு பாரிலேய்யக் காட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு யானை அவருக்குத் தண்ணீரும் பழமும் கொண்டுவந்து கொடுத்தது. ஊர்மக்களுக்கு விஷயம் தெரிந்தது. ‘இவர்களால்தான் பகவான் போய்விட்டார்’ என்று, எழுந்து நிற்பதை நிறுத்தினார்கள், கும்பிடுவதை நிறுத்தினார்கள், கடைசியில் சோற்றையும் நிறுத்தினார்கள். வயிறு காய்ந்த பிறகு இரண்டு கட்சியும், பகவான் காட்டிலிருந்து வந்து தங்கியிருந்த சாவத்தி நகருக்குப் போய் மன்னிப்புக் கேட்டது.

பந்தே அவர்கள் இந்தக் கதைக்குப் பகையைப் பற்றிப் பொருள் சொல்வார்கள். அதுதான் சரியான பொருள். நான் கழிப்பறை வாசலில் நின்று பார்க்கிறேன்: பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் முறை அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கவில்லை. விநயத்தில் முறை இப்படி இருக்கிறது. உள்ளே போகுமுன் இருமிக் குரல் கொடு, உள்ளே இருப்பவரும் பதிலுக்கு இருமட்டும், தண்ணீரை மிச்சம் வைக்காதே, அழுக்கைக் கண்டவர் கழுவட்டும், குடம் காலியாக இருந்தால் நிரப்பு.

அழுக்கைக் கண்டவர் கழுவட்டும் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். கூலிக்கு ஆள் கூப்பிட்டுக் கழுவச் சொல்லும் வழக்கம் பௌத்தக் கூடத்துக்குள் வரக் கூடாது. யாரைக் கூப்பிடுவீர்கள், எந்தத் தெருவிலிருந்து கூப்பிடுவீர்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். குப்பை அள்ளிப் பிழைத்த சுனீதரைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டவரின் பெயரில் கூடுகிறோம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர் பெயரும் முறைப்பட்டியலில் முதலில் வரட்டும்.

அதனால்தான் செப்டிக் டேங்க் வேண்டாம், இரட்டைக் குழி போடுங்கள் என்கிறேன். செப்டிக் டேங்க் நிரம்பினால் யாரோ ஒருவர் இறங்குகிறார், விஷவாயுவில் சாகிறார். சட்டம் தடுத்தும் இது நிற்கவில்லை. இரட்டைக் குழியில் ஒன்றை மட்டும் திறந்து வைத்து மற்றதை அடைத்து வைப்போம். முதல் குழி நிரம்பினால் அடுத்ததற்குத் திருப்பிவிடலாம். நிரம்பியதை இரண்டு வருடம் மூடியே வைத்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத உரமாகிவிடும், மண்வெட்டியால் அள்ளலாம். கிணற்றிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ முப்பத்தைந்து அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தோண்டினால் சீக்கிரம் தண்ணீர் ஊறுகிற இடத்துக்கு இது ஆகாது. மேஸ்திரிகள் செய்கிற தவறு இரண்டு. நல்ல வேலை செய்வதாக நினைத்து அடியிலும் இடுக்கிலும் சிமென்ட் பூசிவிடுவார்கள். தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஆறே மாதத்தில் நிரம்பும். இல்லாவிட்டால் இரண்டு குழியையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து நிரம்பி, பழைய கதைதான். சரிவு அதிகமுள்ள, ரூரல் பேன் என்கிற கழிப்பறைக் கோப்பை வாங்குங்கள், இரண்டு லிட்டர் தண்ணீரில் சுத்தமாகும். நாற்பது பேர் முகாமுக்கு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று தாராளம். மூன்றில் ஒன்று மேற்கத்தியக் கழிப்பறையாக, சுவரில் கைப்பிடியோடு. பெண்கள் பக்கம் மூடி போட்ட குப்பைக்கூடை கட்டாயம். வாளி ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

புத்தர் சிலையின் பீடத்துக்குக் கறுப்புக் கிரானைட் போட நிதி சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். சிலை அழகாகத்தான் இருக்கிறது, சிமென்ட் பீடத்திலும் அழகாகத்தான் இருக்கும். அந்த நிதியைக் கழிப்பறைக்குத் திருப்பிவிட இன்றே தீர்மானம் போடுங்கள். பேரூராட்சித் தலைவர் அம்மையார் குழாய் இணைப்புக்கு ஆவன செய்வதாக மேடைக்கு வரும்போது சொன்னார்கள். அதை ஒலிபெருக்கியிலும் சொல்லிவிட்டேன், இனி அவர்களால் மறக்க முடியாது. சுவர் இருந்தால்தான் சித்திரம்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. ஞாயிறு வகுப்பைப் பற்றி ஒரு வரி: பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனாபானம் வேண்டாம், பிறகு புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை, பிறகு சுண்டல். பாலி வந்தனை பற்றிக் கேட்க வந்தவர்கள் பந்தே அவர்களிடம் கேளுங்கள். வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு மேஸ்திரி அளவெடுக்க வருகிறார். பெண்கள் நாலு பேராவது அப்போது கூட நிற்க வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், வென்டிலேட்டர் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், விளக்கு எங்கே என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர் தெருவைப் பார்த்துத்தான் கதவு வைப்பார். நமோ புத்தாய. ஜெய்பீம்.