எட்டாம் பக்கத்தில் இருந்த எச்சரிக்கை

அவையோருக்கு வணக்கம்.

விமானிக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ரேடியோவில் சொல்லிவிடுவார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரேடியோ கடைசிப் படி. ஓர் ஓடுபாதை மூடப்படுகிறது என்றால், அந்தச் செய்தி விமானம் கிளம்புவதற்கு மணிக்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் முன்பே எழுத்தில் வந்திருக்கும். அந்த எழுத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நிரந்தரமான மாற்றங்கள் முதலில். புதிய வான்வழி, ஓடுபாதையை நெருங்கி இறங்கும் முறையைக் காட்டும் புதிய அணுகுமுறை வரைபடம், ரேடியோ அலைவரிசை மாற்றம் போன்றவற்றை நினைத்த நாளில் நடைமுறைப்படுத்த முடியாது. உலகம் முழுவதும் 28 நாட்களுக்கு ஒரு முறை, வியாழக்கிழமை, உலகப் பொது நேரம் 0000 மணிக்குத்தான் அவை அமலுக்கு வரும். நமக்கு அது காலை 5:30. இந்தச் சுழற்சிக்கு ஏராக் என்று பெயர். அமலுக்கு வருவதற்கு 42 நாட்களுக்கு முன்பே தகவலை வெளியிட வேண்டும். பெரிய மாற்றமென்றால் 56 நாட்கள். இவ்வளவு அவகாசம் ஏன் என்றால், விமானத்தின் வழிகாட்டிக் கணினியில் ஏற்றும் தரவுத்தொகுப்பைத் தயாரித்துச் சரிபார்த்து, ஒவ்வொரு விமானத்திலும் ஏற்றியாக வேண்டும். மாற்றம் தற்காலிகமானது, ஆனால் 3 மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் என்றால் துணை வெளியீடு ஒன்று வரும்.

இந்த அட்டவணைக்குள் அடங்காத எல்லாவற்றுக்கும் நோட்டாம், அதாவது விமானிகளுக்கும் விமானப் பணியில் உள்ளவர்களுக்கும் அனுப்பும் சுருக்கமான எழுத்து அறிவிப்பு. விளக்கு எரியவில்லை, கிரேன் நிற்கிறது, ஓடுபாதையில் தார் போடுகிறார்கள், ராக்கெட் ஏவப் போகிறார்கள், பறவைகள் கூடுகின்றன: எல்லாமே நோட்டாம்தான். நம் நாட்டில் விமான நிலைய ஆணையத்தின் நோட்டாம் அலுவலகங்கள் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் இருக்கின்றன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால், அதன் கழன்ற பாகங்கள் விழக்கூடிய வங்கக் கடல் பகுதிக்கு முன்கூட்டியே நோட்டாம் வந்துவிடும். வான்வெளியைத் தடை செய்யும் திட்டமிட்ட வேலைகளுக்குக் குறைந்தது 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது சர்வதேச விதி. ஏவுகணைச் சோதனை எப்போது என்று சிலர் முன்கூட்டியே ஊகித்துச் சொல்கிறார்களே, அவர்களுக்கு ரகசியத் தகவல் எதுவும் கிடைப்பதில்லை. நோட்டாம் எல்லோர் பார்வைக்கும் திறந்த ஆவணம்.

ஒரு நோட்டாமைப் பிரித்துப் பார்ப்போம். சென்னையில் பிரதான ஓடுபாதை 07/25 மார்ச் 12ஆம் தேதி நள்ளிரவு 12:30 முதல் காலை 5 மணி வரை பராமரிப்புக்காக மூடப்படுகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். முதல் வரியில் வரிசை எண்ணும், இது புதியதா, பழையதை மாற்றுவதா, ரத்து செய்வதா என்பதும் இருக்கும். புதியதென்றால் என், மாற்றென்றால் ஆர், ரத்தென்றால் சி.

அடுத்தது கியூ வரி. மனிதர்களைவிடக் கணினிக்காக எழுதப்படும் வரி இது. முதலில் சென்னை வான் தகவல் மண்டலத்தின் குறி. பிறகு ஐந்தெழுத்துச் சங்கேதம். கியூ என்று தொடங்கும். அடுத்த இரண்டெழுத்து எந்தப் பொருள், கடைசி இரண்டெழுத்து அதற்கு என்ன ஆயிற்று. எம்.ஆர். என்றால் ஓடுபாதை, எல்.சி. என்றால் மூடப்பட்டது. ஐ.சி. என்றால் கருவிவழித் தரையிறக்க அமைப்பு, ஏ.எஸ். என்றால் வேலை செய்யவில்லை. அதன் பின் உயர வரம்பு, நடுப்புள்ளியின் அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மைல் கணக்கில் ஆரம்.

இந்த வரியில் ஒரு சோம்பேறித்தனம் உலகமெங்கும் உண்டு. உயர வரம்பைக் கவனித்துப் போடாமல் 000/999 என்று போட்டுவிடுவார்கள். அதாவது தரையிலிருந்து வானத்தின் முடிவு வரை. 150 அடி உயரத்தில் நிற்கும் ஒரு கிரேனுக்கு, வான்வழியில் செல்வோருக்கும் இது பொருந்தும் என்று குறித்து இப்படிப் போட்டுவிட்டால், 35,000 அடியில் அந்த ஊரைத் தாண்டிப் போகும் விமானியின் தாளிலும் அந்தக் கிரேன் வந்து உட்காரும். ஆரம் பெரிதாகப் போட்டாலும் இதே கதை. சிறிதாகப் போட்டால் இன்னும் மோசம்: தெரிய வேண்டியவருக்கே தெரியாமல் போகும்.

அடுத்து ஏ வரியில் விமான நிலையம். பி-யில் தொடக்கம், சி-யில் முடிவு, இரண்டும் பத்து இலக்கம்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம். நேரம் எப்போதும் உலகப் பொது நேரம். ஆக, நம் ஓடுபாதை மூடப்படுவது பி-யில் மார்ச் 11, 1900; சி-யில் மார்ச் 11, 2330. சென்னையில் 12ஆம் தேதி அதிகாலை நடக்கும் வேலை தாளில் 11ஆம் தேதியில் இருக்கும். தினமும் இந்நேரம் மூடல் என்றால் டி வரியில் அட்டவணை வரும். அங்கே புதன்கிழமை என்று போட்டிருந்தால், அந்த நேரத்தில் நமக்கு வியாழக்கிழமை பிறந்திருக்கும். 2025 மே மாதம் வட, மேற்கு இந்தியாவில் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டபோது, மே 15 காலை 5:29 வரை என்று செய்தி வந்ததே, அந்த வினோதமான நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது? உலகப் பொது நேரப்படி மே 14, 2359. அவ்வளவுதான்.

சி வரியில் இன்னொரு பொறி. தேதிக்குப் பின் ஈ.எஸ்.டி. என்று இருந்தால் அது உத்தேச முடிவு. அந்த நேரம் கடந்ததாலேயே அந்த நோட்டாம் தானாகக் காலாவதியாகாது. வெளியிட்டவர்தான் ரத்து செய்ய வேண்டும் அல்லது மாற்று வெளியிட வேண்டும். வேலை முடிந்தது, ரத்து அனுப்ப மறந்தார்கள் என்றால், அது பட்டியலில் கிடந்துகொண்டே இருக்கும். பழைய நோட்டாம்கள் குவிவதற்கு இது முக்கியமான வழி.

ஈ வரியில்தான் மனிதர் படிக்க வேண்டிய செய்தி. அதுவும் சுருக்கெழுத்தில், பெரிய எழுத்துகளில், தந்திக் காலத்து நடையில்.

வானிலைக்குத் தனிக் கால்வாய். கடும் இடிமேகம், கடும் குலுக்கல், பனி படிதல் போன்றவற்றுக்கு சிக்மெட் எச்சரிக்கை. நாலு மணி நேரம்வரை செல்லும். புயலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் ஆறு மணி நேரம். சென்னை மண்டலத்துக்கு அதை வெளியிடுவது சென்னை வானிலைக் கண்காணிப்பு அலுவலகம். முன்னால் போன விமானி கடும் குலுக்கலில் மாட்டிக்கொண்டால் ரேடியோவில் சொல்ல வேண்டும். அதை வைத்தே பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கை எழுதப்படும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் எங்கே தவறுகிறது?

2017 ஜூலை 7, நள்ளிரவுக்குச் சற்று முன். டொராண்டோவிலிருந்து வந்த ஏர் கனடா 759, ஏர்பஸ் ஏ320, சான்பிரான்சிஸ்கோவில் இறங்க வந்தது. அங்கே இரட்டை ஓடுபாதை, 28 இடது, 28 வலது. இடது பாதை வேலைக்காக மூடி, விளக்கை அணைத்திருந்தார்கள். விமானிகள் இரண்டு பாதை விளக்குகளை எதிர்பார்த்து வந்தவர்கள். ஒளிர்ந்த வலது பாதையை இடதென்று எடுத்துக்கொண்டு, அதற்கும் வலப்பக்கம் இருந்த டாக்சிவேயை, அதாவது விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் பாதையை, ஓடுபாதை என்று நினைத்து இறங்கி வந்தார்கள். அந்த டாக்சிவேயில் நாலு விமானங்கள் புறப்பாட்டுக்குக் காத்து நின்றன. ஏர் கனடா விமானம் தரையிலிருந்து சுமார் 60 அடி வரை வந்து, பிறகு மேலே ஏறித் தப்பியது.

பாதை மூடியிருப்பது அவர்களிடம் கொடுத்த 27 பக்கத் தாளில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. இறங்குமுன் எடுத்த ஏட்டிஸ் அறிவிப்பிலும், அதாவது விமான நிலையத்தின் நடப்பு நிலையைச் சொல்லும் அறிவிப்பிலும், இருந்தது. ஆக, எச்சரிக்கை இரண்டு வழியிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. தேவைப்பட்ட நேரத்தில் அது அவர்கள் நினைவில் இல்லை. விசாரணை முடிவை அறிவித்த 2018 கூட்டத்தில், அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத் தலைவர் ராபர்ட் சம்வால்ட், இந்த நோட்டாம்கள் யாரும் கண்டுகொள்ளாத குப்பைக் குவியல் என்று வெளிப்படையாகவே சொன்னார். கடுமையான வார்த்தைதான். ஆனால் தவறென்று சொல்ல மாட்டேன். ஊராட்சி அறிவிப்புப் பலகையில், வீட்டு வரி கட்டச் சொல்லும் தாளும் ஆற்றுப் பாலம் உடைந்துவிட்டது என்ற தாளும் ஒரே அளவில், ஒரே எழுத்தில் ஒட்டியிருந்தால் எப்படி? நோட்டாம் கட்டு அப்படித்தான் இருக்கிறது. புல் வெட்டும் செய்திக்கும் ஓடுபாதை மூடலுக்கும் அதே எழுத்து, அதே எடை. வெளியிடுபவர் தன் மேல் பழி வராமல் இருக்க எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார். பொறுக்கும் வேலை, அதிகாலை மூன்று மணிக்கு விமானியின் தலையில் விழுகிறது.

நேரடி அறிவிப்பே குழப்பியதும் உண்டு. 2007 மார்ச்சில் ஆக்லாந்தில் ஓடுபாதையின் ஒரு பகுதியில் வேலை. ஒரு போயிங் 777 முழு நீளமும் இருக்கிறது என்று கணக்கிட்டு, குறைந்த உந்துவிசையில் ஓடத் தொடங்கியது. எதிரே வேலை வண்டிகள் தெரிந்ததும் விமானிகள் முழு உந்துவிசை கொடுத்து எழுந்தார்கள். சுருக்கப்பட்ட நீளம் நோட்டாமில் இருந்தது. ஏட்டிஸின் வாசகத்தை, பாதை இப்போது வழக்கம் போல இயங்குகிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இன்னொரு வகைக் குறை, நோட்டாம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது. 2014 ஜூலை 14 அன்று உக்ரைன் தன் கிழக்கு வான்வெளியை 32,000 அடி மட்டம் வரை மூடியது. ஜூலை 17 அன்று மலேசிய ஏர்லைன்ஸின் எம்.எச்.17 விமானம் அதற்கு மேலே 33,000 அடியில் பறந்தபோது ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் இறந்தார்கள். கீழே எவ்வளவு உயரம் எட்டும் ஆயுதம் இருக்கிறது என்பதைப் படிப்பவருக்கு அந்தத் தாள் சொல்லவில்லை.

அறிவிப்பே வராமல் போனால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டோம். 2023 ஜனவரி 11 அன்று அமெரிக்காவில் நோட்டாம் அமைப்பு முடங்கியது. பிரதான தரவுத்தளத்தையும் மாற்றுத் தரவுத்தளத்தையும் ஒத்திசைக்கும் வேலையில் ஒப்பந்தப் பணியாளர்கள் தவறுதலாகக் கோப்புகளை அழித்துவிட்டார்கள். நாடு முழுவதும் உள்நாட்டுப் புறப்பாடுகளை அன்று காலை சுமார் ஒன்றரை மணி நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்படியானால் எப்படிப் படிப்பது? முதல் பக்கத்திலிருந்து வரிசையாக அல்ல. முதலில் இறங்கும் ஊர், தரையிறங்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும். எந்தப் பாதை கிடைக்கும், எவ்வளவு நீளம் கிடைக்கும், எந்தக் கருவி வேலை செய்கிறது. பிறகு விளக்கு. அணுகு விளக்குகள் எரியவில்லை என்ற ஒரு வரி சின்னதாகத் தெரியும். ஐரோப்பிய விதி அட்டவணைப்படி, முதல் வகைக் கருவி அணுகுமுறைக்கு முழு விளக்கோடு 550 மீட்டர் பார்வைத் தூரம் போதும். விளக்கே இல்லையென்றால் 1,200 மீட்டர் வேண்டும். போகிப் புகையும் பனியும் சேர்ந்த சென்னைக் காலையில் அந்த வித்தியாசம், இறங்குவதா பெங்களூருக்குத் திரும்புவதா என்பதைத் தீர்மானிக்கும். எரிபொருளைப் புறப்படும்போதே அதற்கேற்ப ஏற்றியிருக்க வேண்டும். அடுத்து தீயணைப்புத் தரம்: ஏ320-க்கு 6, போயிங் 777-300ஈ.ஆர்.-க்கு 9. இறங்கும் ஊரில் முடியாவிட்டால் போகும் மாற்று நிலையத்தில் அது அனுமதித்த அளவுக்கும் கீழே குறைக்கப்பட்டிருந்தால், மாற்று என்று எழுதி வைத்தும் பயனில்லை. மாற்று நிலையங்களையும் இதே வரிசையில் பார்த்த பிறகுதான் வழியில் உள்ள மண்டலங்கள், தடை செய்த பகுதிகள். கிரேனும் புல் வெட்டும் கடைசியில்.

இப்போது மின்வடிவ நோட்டாம் வருகிறது. மூடிய டாக்சிவே, கையடக்கக் கணினியின் வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும். நல்ல மாற்றம்; எட்டாம் பக்கத்துப் பிரச்சினையைப் பெருமளவு தீர்க்கும். ஆனால், அவசர நிலையில் 30 நிமிட முன்னறிவிப்போடு பாதையைத் திறந்து தருவோம் என்பது போன்ற நிபந்தனைகளைச் சிவப்புக் கோட்டில் வரைந்துவிட முடியாது. ஈ வரியைத் திறந்து படித்தாக வேண்டும். தரவை உள்ளிடுபவர் ஆரத்தையும் உயரத்தையும் தப்பாகப் போட்டால், வரைபடம் அந்தத் தப்பையும் அதே அழகோடு வரைந்து காட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நன்றி.