பக்கத்து வீட்டுத் தீ

நேயர்களுக்கு வணக்கம்.

2018 நவம்பர் 8, வியாழக்கிழமை. நான் அப்போது கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் இருந்தேன். மாலைக்குள் காட்டுத் தீப் புகையால் வானம் பழுப்பேறிவிட்டது. அடுத்த இரண்டு வாரமும் முகக்கவசத்தோடுதான் கடைக்குப் போய்வந்தோம், பிள்ளைகளின் பள்ளியைக்கூட மூடினார்கள். புகை வந்த இடமோ ஏறக்குறைய 270 கிலோமீட்டர் வடக்கே இருந்த பாரடைஸ் என்ற மலை ஊர். சுமார் 26,000 பேர் வாழ்ந்த ஊர் அது.

காலை ஆறரை மணி வாக்கில், உயர் அழுத்த மின்கம்பி ஒன்றைத் தாங்கிய, ஏறக்குறைய நூறு வருடப் பழைய இரும்புக் கொக்கி தேய்ந்து அறுந்தது. புல் காய்ந்து கிடந்தது, பலத்த காற்று வேறு. எட்டு மணிக்குள் ஊருக்குள் தீ. 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின.

பிறகு வந்த படங்களைப் பார்த்தபோது ஒன்று என்னை உலுக்கியது. வீடு இருந்த இடத்தில் சாம்பலும் புகைபோக்கியும் மட்டும் நிற்கின்றன, பக்கத்திலேயே பைன் மரம் பச்சையாக நிற்கிறது. காட்டுத் தீ சுவர் மாதிரி எழும்பி வந்து ஊரை விழுங்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் முதலில் வருவது கங்கு. காற்று அதைக் கிலோமீட்டர் கணக்கில் தூக்கி வருகிறது. கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் தகரத்தில் சேர்ந்த பைன் சருகு, வாசல் மிதியடி, சுவரோடு ஒட்டிய மரவேலி, பூச்செடிக்கு அடியில் கொட்டிய மரச்சீவல், இவற்றில் ஒன்று கிடைத்தால் கங்குக்குப் போதும். ஒரு வீடு பற்றிக்கொண்டால் அதன் வெக்கையே அடுத்த வீட்டைக் கொளுத்திவிடும்.

ஆராய்ச்சியாளர்கள் பாரடைஸில் கணக்கெடுத்தார்கள். 1997-க்கு முன் கட்டிய வீடுகளில் நூற்றுக்குச் சுமார் 11 தான் தப்பின. அதற்குப் பின் கட்டியவற்றில் சுமார் 38. எரிந்த கட்டடம் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதும் பெரிய காரணமாக இருந்தது.

ஆகவே வீட்டைச் சுற்றி ஐந்தடிக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது, ஜல்லி போட்டுவிடலாம். கூரைக்குள் காற்றுப் போகும் துளைகளுக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத உலோக வலை அடிக்க வேண்டும். விறகைச் சுவரோடு சேர்த்து அடுக்கக் கூடாது. இதெல்லாம் ஒரு வாரக் கடைசியில் முடிகிற வேலை. ஆனால் நான் மட்டும் செய்து பயனில்லை, அடுத்த வீட்டுக்காரரும் செய்ய வேண்டும். அவருக்கு ஏணி ஏற முடியாத வயது என்றால் அவர் கூரைச் சருகையும் நானே தள்ளிவிடுவதுதான் என் வீட்டுக்கும் பாதுகாப்பு.

அப்புறம், வெளியேறுவது. பாரடைஸ் அலட்சியமான ஊர் என்று சொல்லிவிட முடியாது. 2008-இல் ஒரு தீ வந்து சாலைகள் அடைபட்ட பிறகு ஊரைப் பகுதிகளாகப் பிரித்தார்கள், சாலையின் எல்லாத் தடங்களையும் ஒரே திசையில் திருப்பி ஒத்திகையும் பார்த்தார்கள். ஆனால் திட்டம் பகுதி பகுதியாகக் கிளம்புவதற்குப் போட்டது. அன்று ஊரே ஒரே நேரத்தில் கிளம்பியது. தெற்கே இறங்கச் சாலைகள் நான்குதான். கைப்பேசி எச்சரிக்கை முன்பதிவு செய்தவர்களுக்குத்தான், அதிலும் பலருக்கு வந்து சேரவில்லை.

ஒரு பள்ளிப் பேருந்து 22 பிள்ளைகளோடு ஐந்து மணி நேரம் அந்தப் புகைக்குள் ஊர்ந்தது. ஓட்டுநர் தன் சட்டையைக் கிழித்து, இருந்த கொஞ்சம் தண்ணீரில் நனைத்து, பிள்ளைகள் மூக்கில் வைத்துக்கொள்ளக் கொடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். சிலர் வீட்டை விட்டே வெளியே வரவில்லை.

இப்போது பாரடைஸ் மீண்டும் எழுகிறது. மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கிறார்கள். 2023-இல் ஊர் முழுக்க அபாயச் சங்குகள் நிறுவினார்கள். நல்ல வேலை. ஆனால் சங்குச் சத்தம் கேட்டும் எழுந்து நடக்க முடியாதவர் ஒருவராவது ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். காடு ஒட்டிய ஊரில் இருக்கும் நேயர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் தெருவில் அவர் யார், அவர் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, யார் வண்டியில் அவர் ஏறுவார் என்று இந்த வாரமே பேசி, ஒரு தாளில் எழுதி, அவர் வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

வணக்கம்.