வாங்குவது ஒரு நாள், கழுவுவது குளிர்காலம் முழுவதும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டென்வரின் பனியைப் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம். வறண்ட ஊரில் ஈரப்பதமூட்டி பயன் தருவது பார்த்து வாங்குவதாலா, ஒழுங்காகப் பராமரிப்பதாலா என்பது இன்றைய வழக்கு. பராமரிப்பதால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

இந்த ஊரில் அந்தக் கருவி ஆடம்பரம் அல்ல என்பதில் இரு அணிக்கும் சண்டையில்லை. உறைநிலைக்கு 10 டிகிரி கீழே இருக்கும் வெளிக்காற்று, முழு ஈரத்தோடு இருந்தாலும், ஒரு கனமீட்டருக்கு இரண்டரை கிராம் நீராவியைக்கூடத் தாங்காது. அதே காற்றை ஹீட்டர் 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. காலையில் மூக்கில் இரத்தம் கசிவதும், கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிப்பதும் அதனால்தான்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, மீயொலி வகைக் கருவி தண்ணீரிலுள்ள உப்புகளையும் சேர்த்துத் தெளித்து வீடெங்கும் வெண்தூளைப் படியவிடும், எனவே திரி வழியாக நீரை ஆவியாக்கும் வகையை வாங்கிவிட்டால் கவலையில்லை என்றார். முற்பாதி முழு உண்மை. பிற்பாதியை நம்பித்தான் நானும் திரி வகையை வாங்கினேன். தொட்டியில் மிச்சத் தண்ணீரை விட்டுவிட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பி மூடியைத் திறந்தபோது, காயாமல் மடித்து வைத்த துணியின் நாற்றம் அடித்தது. அடியில் விரல் வைத்தால் இளஞ்சிவப்பாக வழுவழுத்தது. திரியோ சுண்ணாம்பு ஏறி அப்பளம்போல் விறைத்து நின்றது. நல்ல கருவிதான், நடுவர் அவர்களே; வைத்திருந்தவன்தான் சரியில்லை.

தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி அலசி நிரப்புவதும், மூன்று நாளுக்கொருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதும், படிந்த சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்து நீக்குவதும் சலிப்பான வேலைதான். (வினிகரோடு பிளீச்சை மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சான குளோரின் வாயு கிளம்பும்.) அந்தச் சலிப்புக்குக் கடையில் மாற்று வாங்க முடியாதா என்று கேட்டால், தென் கொரியாவைக் காட்டுவேன். தொட்டித் தண்ணீரிலேயே ஊற்றிவிடும் கிருமிநாசினி அங்கே 1994 முதல் விற்கப்பட்டது. அந்த மருந்து நீர்த்துளியோடு நுரையீரலுக்குள் போய்ப் பச்சிளங்குழந்தைகள் உட்படப் பலரைக் கொன்றது 2011-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

அறையின் அளவுக்கேற்ற கருவி வேண்டும் என்ற வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் 30 முதல் 50 சதவீத ஈரப்பதத்தைக் கருவியின் பெட்டி காப்பாற்றித் தராது. சிறிய ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, கடுங்குளிர் இரவில் சன்னல் கண்ணாடியில் நீர் வழியத் தொடங்கினால் 40 சதவீதத்திலும் வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லையேல் சன்னல் சட்டத்தில் பூஞ்சை கறுக்கும். அந்தக் கண்காணிப்பும் பராமரிப்பில்தான் சேரும்.

தீர்ப்பு எழுதுமுன் எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், நடுவர் அவர்களே: அவ்வளவு ஆராய்ந்து வாங்கிய கருவியின் திரியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?