விரல் தொட்டதும் திரை ஊகித்ததும்

நேயர்களுக்கு வணக்கம்.

கைபேசியில் ‘மரம்’ என்று எழுத நினைக்கிறோம். விரல் ஓர் இழை விலகுகிறது. தமிழ் எழுத்துகளை நேரடியாகத் தரும் தமிழ் 99 விசைப்பலகையில் ம, த இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள் என்பதால் ‘தரம்’ என்று விழ வேண்டிய இடம் அது. ஆனாலும் பல நேரங்களில் திரையில் ‘மரம்’ என்றே சரியாக வந்து நிற்கிறது. அப்போது நாம் எதையும் கவனிப்பதில்லை. தவறாக வரும்போதுதான் கைபேசியைத் திட்டுகிறோம்.

தொடுதிரை விசைப்பலகைகள் நம் எழுத்தை ஊகிப்பது பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். பேச்சின் தொடக்கத்திலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்த விசைப்பலகைகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, திருத்தம்: நாம் ஏற்கெனவே மனத்தில் முடிவு செய்துவிட்ட சொல்லை, நடுங்கிய தொடுகைகளிலிருந்து மீட்டெடுப்பது. மற்றொன்று, பரிந்துரை: நாம் இன்னும் எழுதாத சொல்லை, சில நேரம் இன்னும் நினைக்கவே தொடங்காத சொல்லை, விசைகளுக்கு மேலுள்ள பட்டையில் எடுத்து நீட்டுவது. இரண்டுக்கும் அடியில் ஓடும் கணிதம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இரண்டையும் ஒரே வசதியாக எண்ணிவிடுகிறோம். எனக்குத் திருத்தம் வேண்டும். பரிந்துரையை அணைத்து வைத்திருக்கிறேன்.

முதலில் விரலைப் பார்ப்போம். கைபேசித் திரையின் அகலம் பெரும்பாலும் ஆறரை, ஏழு சென்டிமீட்டர். ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் பத்து எழுத்துகள் இருக்கின்றன. ஓர் எழுத்துக்கு ஆறேழு மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. தமிழ் 99-இன் மேல்வரிசையில் பன்னிரண்டு எழுத்துகள். நெருக்கடி இன்னும் கூடுதல். நம் கட்டைவிரலோ திரையில் பதியும்போது ஒரு விசையின் எல்லைக்குள் அடங்குவதில்லை. போதாததற்கு, தொடப்போகும் எழுத்தை அந்த விரலே மறைத்தும் விடுகிறது.

இதில் சுவையான நுட்பம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்டியன் ஹோல்ஸ், பாட்ரிக் பவுடிஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ஆம் ஆண்டை ஒட்டி இதை ஆராய்ந்தார்கள். நாம் குறிபார்ப்பது மேலிருந்து தெரியும் விரலை, அதன் நகத்தை வைத்து. திரை உணர்வதோ கீழே சதை அழுந்தும் பரப்பை. இரண்டும் ஒரே புள்ளியில் அமைவதில்லை. விரலின் சாய்வு மாறினால் விலகலும் மாறும். ஆகவே ‘நான் சரியாகத்தான் தொட்டேன்’ என்று நீங்கள் சொல்வதும் உண்மை. ‘தொடுகை வேறிடத்தில்தான் விழுந்தது’ என்று கருவி சொல்வதும் உண்மை.

இந்த வழக்கைத் தீர்க்க விசைப்பலகை இரண்டு சாட்சிகளை அழைக்கிறது. முதல் சாட்சி இடம். தொடுகை விழுந்த புள்ளியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு விசைக்கும், ‘இதைத்தான் குறிவைத்திருப்பார்’ என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. விசையின் நடுவுக்கு அருகில் விழுந்தால் கூடுதல், விலக விலகக் குறைவு. இரண்டாம் சாட்சி மொழி. இதுவரை எழுதப்பட்டதற்குப் பின் எந்த எழுத்து, எந்தச் சொல் வருவது எவ்வளவு இயல்பு என்று அது சொல்லும். இரண்டு மதிப்பெண்களையும் பெருக்கி, எது அதிகமோ அது திரையில் வருகிறது. ‘தென்னை’ என்று எழுதிய பிறகு ம-வுக்கும் த-வுக்கும் நடுவில் விரல் விழுந்தால், மொழிச் சாட்சி ‘மரம்’ பக்கம் அடித்துச் சொல்லும். ‘உயர்ந்த’ என்று எழுதியிருந்தால் அதற்கு நாக்குக் குழறும். உயர்ந்த மரமும் உண்டு, உயர்ந்த தரமும் உண்டு. அப்போது விரலைத்தான் நம்ப வேண்டும். தவறான திருத்தங்களில் கணிசமானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன: இரண்டு சாட்சிகளில் ஒன்றுக்கு அளவுக்கு மீறிய செல்வாக்குக் கொடுத்துவிடுவதால்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இந்த எண்ணத்தை 2002-இலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள். 2007-இல் வந்த ஐபோன், அசல் விசைகள் இல்லாத கைபேசியிலும் வேகமாக எழுதலாம் என்று பொதுமக்களை நம்ப வைத்தது. கென் கோசியெண்டா என்ற பொறியாளர் உருவாக்கிய அந்த விசைப்பலகையில் விசைகளின் படம் அசையாமல் நிற்கும்; அவற்றின் தொடு எல்லை மட்டும், கண்ணுக்குத் தெரியாமல், எழுத்துக்கு எழுத்து விரிந்து சுருங்கும். அடுத்து வரக்கூடிய எழுத்துக்கு இடம் கூடும். வர வாய்ப்பில்லாத எழுத்துக்குக் குறையும். நாம் பார்க்கும் பலகை வேறு, தொடும் பலகை வேறு. பயனரிடம் சொல்லாமலே செய்யும் இந்த உதவியை ஏமாற்று என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. நம் எண்ணத்தை மாற்றாமல் கைக்கு மட்டும் உதவுகிறதே, அது நல்ல மரியாதை.

மொழி இப்படி ஊகிக்கக் கிடைப்பது கணினிக்கு முந்திய கண்டுபிடிப்பு. 1913-இல் ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்க்கோவ், புஷ்கினின் கவிதைப் படைப்பு ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிர், மெய் என்று பிரித்துக் கையால் எண்ணினார். ஓர் எழுத்துக்குப் பின் எது வரும் என்பது முந்தைய எழுத்தைப் பொறுத்திருக்கிறது என்று எண்களால் காட்டினார். 1951-இல் அமெரிக்கரான கிளாட் ஷானன் இன்னும் ஒரு படி போனார். மறைத்து வைத்த ஓர் ஆங்கிலப் பகுதியை ஒருவரிடம் எழுத்து எழுத்தாக ஊகிக்கச் சொன்னார். 129 எழுத்துகளில் 89 சரியாக வந்தன. மொழியறிந்த ஒருவருக்கு எழுதப்பட்டதில் பெரும்பகுதி முன்பே தெரியும் என்பதுதான் இதன் பொருள். இன்றைய கைபேசிகள் இதையே பெரிய அளவில் செய்கின்றன. 2023-இல் ஆப்பிள் தன் திருத்த வசதியை, உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் இருக்கும் அதே வகைக் கட்டமைப்புக்கு மாற்றியது.

பொத்தான் கைபேசிக் காலத்து டி9 முறையைச் சில நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எட்டுப் பொத்தான்களில் 26 ஆங்கில எழுத்துகள்; ஒரு சொல்லுக்குப் பொத்தானை எழுத்துக்கு ஒருமுறை அழுத்தினால் போதும், அகராதியைப் பார்த்துக் கருவி சொல்லைத் தேரும். 2, 6, 6, 5 என்று அழுத்தினால் ‘புக்’ என்றும் ஆகலாம், ‘கூல்’ என்றும் ஆகலாம். ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் சிலர் இதனாலேயே ‘கூல்’ என்பதற்குப் பதிலாக ‘புக்’ என்று வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினார்கள். டி9-ஐ உருவாக்கியவர்கள் முதலில் பணியாற்றியது உடலியக்கம் குன்றியவர்களுக்கான கருவிகளில். அவர்களில் ஒருவரான கிளிஃப் குஷ்லர்தான் பிற்பாடு விரலை எடுக்காமல் விசைகளின் மேல் இழுத்து எழுதும் ‘ஸ்வைப்’ விசைப்பலகையையும் உருவாக்கினார்; 2009-இல் அது கைபேசியில் வந்தது. அதே எண்ணத்தை ஷூமின் சாய், பெர் ஓலா கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளர்கள் 2003 வாக்கிலேயே தனியாக உருவாக்கியிருந்தார்கள்.

சாயின் பெயரை மீண்டும் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது. 2016-இல் அவரும் பிலிப் குவினும் சொற்பரிந்துரைகளால் லாபமா நட்டமா என்று அளந்து பார்த்தார்கள். பரிந்துரைகளை அதிகம் காட்டினால் அழுத்தும் விசைகளின் எண்ணிக்கை குறைகிறது. பயனர்களும் அதை விரும்புகிறார்கள். ஆனால் எழுதி முடிக்கும் நேரம் சராசரியில் கூடிவிடுகிறது. ஒரு சொல்லின் பாதியில் கண்ணைப் பட்டைக்கு உயர்த்தி, மூன்று சொற்களைப் படித்து, வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்து, மறுபடி விசைகளுக்குத் திரும்புவதற்கு ஆகும் நேரத்தை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. விரலுக்கு மிச்சமானது கண்ணுக்குச் செலவாகிறது.

2019-இல் 37,000 தன்னார்வலர்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வும் இதே திசையைக் காட்டியது. ஆங்கில வாக்கியங்களைக் கைபேசியில் எழுதச் சொன்னார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொற்கள். தானியங்கித் திருத்தம் பயன்படுத்தியவர்களுக்கு வேகம் கூடியிருந்தது. பரிந்துரைச் சொற்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவர்களுக்கு அந்த நன்மை இல்லை. நான் பிரித்துச் சொன்ன இரண்டு வேலைகளையும் எண்களே பிரித்துக் காட்டுகின்றன.

வேகம் மட்டும் என்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன். 2020-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், படங்களைப் பார்த்து விவரித்து எழுதச் சொன்னார்கள். பரிந்துரை காட்டப்பட்டபோது எழுதிய விவரிப்புகள் சுருங்கின. கருவி ஊகித்திருக்க முடியாத சொற்கள் குறைந்தன. படத்தில் இருந்த விசேஷமான விவரம் போய், எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாக்கியம் வந்தது. இரங்கல் செய்திகளும் வாழ்த்துகளும் எல்லாக் கைபேசியிலிருந்தும் ஒரே வாசகமாக வருவதைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

ஆனால் பரிந்துரையே தேவையில்லை என்று சொல்வது கொடுமை. ஓர் எழுத்தை அழுத்தவே பெருமுயற்சி எடுக்க வேண்டியவர்களுக்கு அது உயிர்நாடி. சீனம், ஜப்பானியம் போன்ற மொழிகளில் ஒலியைத் தட்டச்சு செய்தால் அதற்குரிய பல எழுத்துகள் வரிசையாக வரும். அங்கே தேர்ந்தெடுப்பதுதான் எழுதுவது. 1950-களில் சீனத் தட்டச்சாளர்கள், ஒன்றையொன்று தொடர்ந்து வரும் எழுத்துகளைத் தங்கள் அச்சுத் தட்டில் அருகருகே மாற்றி அடுக்கி வேகம் கூட்டினார்கள். கணினி இல்லாத முன்னூகம் அது.

இனி நம் மொழிக்கு வருகிறேன். தமிழ் 99 விசைப்பலகை 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழி தரப்படுத்தப்பட்டது. அதில் க-வை இருமுறை அழுத்தினால் முதல் க-வுக்குத் தானே புள்ளி விழுந்து ‘க்க’ ஆகும். ங-வை அடுத்து க, ந-வை அடுத்து த வந்தாலும் அப்படியே. இதற்குப் புள்ளிவிவரமும் வேண்டாம், பெரிய கணித மாதிரியும் வேண்டாம். தமிழில் எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்று இலக்கணம் வகுத்ததையே விதியாக எழுதிவிட்டார்கள். நான் பார்த்த முன்னூகங்களில் மிகச் சிக்கனமானது இதுதான். அது தவறும் இடம் அரிது. தவறினால் ஏன் தவறியது என்றும் சொல்லிவிடலாம்.

ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டித் தமிழ் பெறும் முறையில் கதை வேறு. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்தைத் தட்டுபவர்கள் ஏராளம். குறில் நெடில் வேறுபாட்டையும் பலர் காட்டுவதில்லை. ‘பலம்’, ‘பழம்’, ‘பாலம்’ மூன்றும் ஒரே தட்டச்சில் வந்து நிற்கும். இங்கே கருவி எழுத்தைத் திருத்தவில்லை. எழுத்திலக்கணத்தையே நமக்காக முடிவு செய்கிறது. பட்டையில் முதலில் எது நிற்கிறதோ அதையே தொட்டுப் பழகிய கைக்கு, ழகரமும் ளகரமும் மெல்ல நழுவும். ஆகவே தமிழ் எழுத்துகளை நேரடியாகத் தரும் விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ போன்ற செயலிகளில் இரண்டு முறைகளும் இருக்கின்றன.

அகராதி வைத்துத் திருத்தும் முறைக்கும் தமிழ் எளிதில் பிடிபடாது. ‘படி’ என்ற ஒரு வினையிலிருந்து ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ வரை போகலாம். இத்தனை வடிவங்களையும் பட்டியலிட்டு மாளாது. பட்டியலில் இல்லாததைப் பிழை என்று கருதும் விசைப்பலகை, நீளமான நல்ல தமிழ்ச் சொல்லைச் சிவப்புக் கோடிட்டு அவமதிக்கும். சொல்லைப் பகுதி, விகுதி என உடைத்துப் பார்க்கும் முறைதான் இதற்குப் பொருந்தும்.

சந்தி அதைவிடச் சிக்கல். ‘அந்த’ என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். அதன் பின் ப் வர வேண்டுமா? அடுத்த சொல் ‘பையன்’ என்றால் வேண்டும், ‘மரம்’ என்றால் வேண்டாம். அடுத்த சொல்லை நான் இன்னும் எழுதவில்லை. முந்தியதை வைத்துப் பிந்தியதை ஊகிக்கும் கருவிக்கு இங்கே வேலை தலைகீழ்: பிந்தியதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து முந்தியதைத் திருத்த வேண்டும். தமிழுக்காக விசைப்பலகை செய்பவர்கள் பட்டையில் அடுத்த சொல்லைக் காட்டுவதில் செலவிடும் உழைப்பில் பாதியை இதில் செலவிட்டாலும் எழுதுபவர்கள் வாழ்த்துவார்கள்.

பரிந்துரையில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2018-இல் கூகுள், மின்னஞ்சலில் வாக்கியத்தை முடித்துக் கொடுக்கும் தன் வசதியிலிருந்து ஆண், பெண் சுட்டும் பிரதிப்பெயர்களை நீக்கியது. முதலீட்டாளர் என்றால் ஆண் என்றே கருவி முடிவு கட்டியதுதான் காரணம். தமிழில் பிரதிப்பெயரை நீக்கினாலும் தப்ப முடியாது. வினைமுற்றிலேயே ஆண், பெண், மரியாதை எல்லாம் இருக்கிறது. ‘மருத்துவர்’ என்று எழுதியதும் ‘வந்தார்’ என்று நீட்டினால் பிழைத்தோம். ‘அத்தை’க்குப் பின் ‘வந்தாள்’ என்று நீட்டி, அதை அவசரத்தில் தொட்டு அனுப்பிவிட்டால், அத்தையிடம் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், கருவி அல்ல.

கடைசியாக, நடைமுறைக்கு ஒன்றிரண்டு. விசைப்பலகை நீங்கள் எழுதுவது அனைத்தையும் பார்க்கிறது. 2016 ஜூலையில் ஸ்விஃப்ட்கீ விசைப்பலகையில் சிலருக்கு முன்பின் அறியாதவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் பரிந்துரையாக வந்தன. கற்ற சொற்களை ஒருவரின் பல கருவிகளுக்கும் கொண்டுபோகும் ஒத்திசைவு வசதியை நிறுவனம் நிறுத்தி வைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு, எழுதியதை வெளியே அனுப்பாமல் கைபேசியிலேயே கற்று, கற்றதன் சுருக்கத்தை மட்டும் அனுப்பும் முறையைக் கூகுள் தன் விசைப்பலகையில் சோதிப்பதாக அறிவித்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் யார் செய்தது என்று தெரியாத விசைப்பலகைச் செயலியை நிறுவ வேண்டாம்.

விசைப்பலகையின் அமைப்புகளுக்குள் போனால், பெரும்பாலான கைபேசிகளில் திருத்தத்துக்கும் பரிந்துரைக்கும் தனித்தனி ஆளிகள் இருக்கும். ஒன்றை மட்டும் அணைக்கலாம். தவறாகக் கற்றுக்கொண்ட சொல் பட்டையில் வந்து தொந்தரவு செய்தால், பல விசைப்பலகைகளில் அதை அழுத்திப் பிடித்து நீக்க முடியும். நிறைய சேர்ந்துவிட்டது என்றால், கற்ற சொற்கள் அனைத்தையும் ஒரேயடியாக அழிக்கவும் அமைப்புகளில் வழி இருக்கிறது. அழித்த பிறகு சில நாள் திருத்தம் சற்று மந்தமாக இருக்கும். உங்கள் வீட்டாரின் பெயர்களைக்கூட அது மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.