உப்பு யாருடையது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும்: அழிந்துவரும் உயிரினங்களின் ஆய்வுக்கு அரசுப் பணம் துணையா, தடையா? நான் தடை என்கிற அணி.

எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை விட்டார். "அரசாங்க உப்பைத் தின்றுவிட்டு அரசாங்கத்தையே குறை சொல்வதா?" கைதட்டலும் வாங்கினார். உப்பு யாருடையது அண்ணே? சோப்பு வாங்குகிற அம்மா வரி கட்டுகிறாள். பிஸ்கட் வாங்குகிற பிள்ளை வரி கட்டுகிறது. உப்பு இவர்களுடையது. அதிகாரி கையில் இருப்பது கரண்டி, அவ்வளவுதான்! கரண்டி பிடித்தவர் மனம் கோணக்கூடாது என்று உப்பிட்டவளிடம் பொய் சொல்லலாமா?

ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்துக்கு வாருங்கள். அப்போது புலியைக் காக்கும் பணமும் வனத்துறைக்கு, புலியை எண்ணும் வேலையும் வனத்துறைக்கு. பிள்ளையே பரீட்சை எழுதி, பிள்ளையே திருத்தி, அப்பா கையெழுத்தையும் பிள்ளையே போட்டால் எப்படி?

எண்ணியது எப்படித் தெரியுமா? காலடித் தடத்தின்மேல் கண்ணாடியை வைத்துப் பேனாவால் வரைவார்கள். மணலில் பதிந்த தடம் ஒரு மாதிரி, சேற்றில் பதிந்தது வேறு மாதிரி. புலி ஒன்று, படம் இரண்டு! சிரிக்காதீர்கள் ஐயா, அழ வேண்டிய கணக்கு இது. 2004இல் வனத்துறை ஏடு சொன்னது: 16 முதல் 18 புலிகள். 2005இல் தேடினார்கள். மேட்டில் தேடினார்கள், பள்ளத்தில் தேடினார்கள், தண்ணீர் இருந்த இடமெல்லாம் தேடினார்கள். எத்தனை? ஒன்று? அரை? ஒன்றுமே இல்லை! வேட்டைக்காரன் கொன்றுபோட்ட புலியை ஏடு உயிரோடு வைத்திருந்தது.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா புலிகள் காப்பகத்தில் ரகு சுண்டாவத் என்கிற ஆய்வாளர், புலிகளின் கழுத்தில் இருப்பிடம் காட்டும் ரேடியோ பட்டை மாட்டி வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தவர். புலி குறைகிறது என்று எச்சரித்தார். ஆய்வுக்கு அனுமதி தருவது யார்? அதே வனத்துறை. அனுமதி போயிற்று. 2009இல் அரசே ஒப்புக்கொண்டது, பன்னாவில் புலி இல்லை என்று. அண்ணே, உப்பிட்டவருக்கு உண்மையாக இருந்தது யார்?

அந்த வருஷமே பெஞ்ச் காட்டிலிருந்து ஓர் ஆண் புலியைக் கொண்டுவந்து பன்னாவில் விட்டார்கள். அது அங்கே தங்கவில்லை. தான் பிறந்த பக்கம் பார்த்துத் தெற்கே நடந்தது. ஊர் தாண்டி, ரோடு தாண்டி, நாள்கணக்கில் தனியாக நடந்தது. பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சொன்னவர் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த ஜீவனை வீட்டைவிட்டுப் பிரித்திருக்க வேண்டாமே! அது நடந்த நடையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது, நடுவர் அவர்களே.