பட்டாளத்துப் பெரியவர்களும் பல்கலைக்கழக வாசலும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், முன்னாள் படைவீரர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் ஆலய அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் பதக்கங்களோடு அமர்ந்திருக்கும் படைவீரர்களே, மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, மண்டபச் சாவியைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் பொருளாளர் அவர்களே, சமையற்கட்டில் நமக்காகப் பாடுபடும் தாய்மார்களே, வணக்கம். தலைவர் அவர்கள் பெருந்தன்மையோடு பத்து நிமிடம் தந்திருக்கிறார். முன்னாள் படைவீரர்கள் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான விண்ணப்பம், கடிதம், பணம் ஆகிய மூன்றைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நமது துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1961-இல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியை அன்றைய நிறவெறி அரசு அங்கேதான் வைத்தது. கல்லூரி வெஸ்ட்வில்லுக்குப் போன பிறகு, 1970-களில் அதே தீவில் நம் இளைஞர்களுக்குக் கடற்படைப் பயிற்சி நடந்தது. ஒரு தலைமுறை அங்கே புத்தகத்தோடு போனது. அடுத்தது சீருடையோடு போனது. சீருடையோடு போனவர்களுக்குப் படிப்பு இன்னும் பாக்கி.

வழி இருக்கிறது. பழைய மெட்ரிக் என்ற பள்ளியிறுதித் தேர்வில் பல்கலைக்கழகத் தகுதி பெறாதவர்களுக்கு முதிர்வயது விதிவிலக்கு உண்டு: 23 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு விதி, 45-ஐக் கடந்தவர்களுக்கு இன்னும் தளர்ந்த விதி. வேலையிலும் வாழ்க்கையிலும் முன்பே கற்றதை மதிப்பிட்டுச் சேர்க்கும் முறையும் உண்டு. ஆனால் விதிவிலக்கு வாசலைத் திறக்குமே தவிர, இடம் தருவது அந்தந்தத் துறைதான். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். பட்டாளத்துப் பாணி அங்கே பலிக்காது.

எனக்குத் தெரிந்த ஒருவர், கடற்படையில் சரக்கறை பார்த்தவர், பேத்தி விண்ணப்பித்த அதே ஆண்டில் தானும் விண்ணப்பித்தார். கடிதத்தில் படை எண், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி என நான்கே வரி எழுதி, கீழே 'உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்' என்று முடித்திருந்தார். பேத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "தாத்தா, கப்பலுக்கு மூன்று மாத உணவை எப்படிக் கணக்கிட்டீர்கள், புயலில் பாதி கெட்டபோது என்ன செய்தீர்கள், அதை எழுதுங்கள்" என்றாள். எழுதினார். நிறுத்தவே முடியவில்லை! பதினோரு பக்கத்தை அவள் இரண்டாகக் குறைத்தாள். கைப்பேசியில் தாத்தாவுக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டு விண்ணப்பத்திலும் அவள் எண்தான். ஒருநாள் 'இடம் கிடைத்தது' என்று குறுஞ்செய்தி. வீட்டில் பிரியாணி வெந்தது, அத்தைமார் ஃபீனிக்ஸிலிருந்து வந்து இறங்கினார்கள், பேத்திக்கு மாலையும் போட்டாயிற்று. பிறகுதான் யாரோ விண்ணப்ப எண்ணைப் பார்த்தார்கள். இடம் தாத்தாவுக்கு! மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கும் அடுத்த வாரம் செய்தி வந்தது. பிரியாணிதான் மறுபடி வேகவில்லை.

அமெரிக்காவில் 1944-லேயே போர்வீரர் படிப்புக்குச் சட்டம் செய்தார்கள். கொலம்பியா போன்ற பெரிய பல்கலைக்கழகம்கூட 1947-இல் வயது கடந்த மாணவர்களுக்கென்று பொதுக்கல்விப் பள்ளியை அமைத்தது; திரும்பிவந்த வீரர்கள் அதில் திரண்டார்கள். நமக்கும் 2011-ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம் கல்வி உதவியைப் பேசுகிறது. பணத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

அந்தப் பெரியவருக்குப் பேத்தி இருந்தாள். இல்லாதவர்கள் எங்கே உட்கார்ந்து எழுதுவது? இதைத்தான் நான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறேன். இந்த மண்டபம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் திறக்கிறது. மற்ற மாலைகளில் பூட்டு தொங்குகிறது. நான்கு மேசை, இரண்டு கணினி, இணையம், விண்ணப்பம் தெரிந்த ஓர் இளைஞர், இவ்வளவுதான் படிப்பறை. மின்கட்டணம் கூடும் என்கிறார் பொருளாளர். ஆடிப் பார்த்தேன், பாடியும் பார்த்துவிட்டேன். அவர் எப்படிக் கறக்கிற மாடு என்று இன்னும் பிடிபடவில்லை. அவரே சிரிக்கிறார், நல்ல சகுனம்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பணத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். வாசலருகே படிப்பறை கேட்கும் மனு இருக்கிறது. கையெழுத்திட்ட பிறகு சாப்பிடப் போங்கள். வணக்கம்.