போர்டுல இருக்கிற பேரும் கூப்பிடுற பேரும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னைக்கு பேரைப் பத்தி பேசலாம்னு வந்திருக்கேன். நாம ஜெபத்தை முடிக்கிறது இயேசுவின் நாமத்துல, ஞானஸ்நானம் கொடுக்கிறது பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்துல, வாய்க்கு வாய் நாமம் நாமம்னு சொல்றோம், ஆனா அந்த வார்த்தைகிட்ட கொஞ்ச நேரம் நின்னு பார்க்கிறதில்லை.

பேதுருவை எடுத்துக்குவோம். வீட்டுல வெச்ச பேர் சீமோன். இயேசு அவரை முதல்ல பார்த்தப்பவே ‘நீ கேபா எனப்படுவாய்’னு சொல்லிட்டார், யோவான் 1:42. கேபா அரமேயிக் வார்த்தை, கிரேக்கத்துல பேதுரு, ரெண்டும் பாறைதான். அன்னைக்கு அந்த மனுஷன்கிட்ட பாறை மாதிரி என்ன இருந்துச்சு சொல்லுங்க? வலை இழுக்கிறவர், படக்குனு பேசிடுவார், அப்புறம் பயந்துடுவார். இருக்கிறதைப் பார்த்து வெச்ச பேர் இல்லைங்க அது, ஆகப்போறதைப் பார்த்து வெச்ச பேர்.

ஆனா இதுல நான் ரொம்ப வருஷம் கவனிக்காம தாண்டிப்போன ஒண்ணு இருக்கு. பேர் வெச்சவரே அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிடுறது சுவிசேஷங்கள்ல ரொம்ப ரொம்ப கம்மி. இயேசுவைப் பிடிச்சுட்டுப் போன ராத்திரி, கெத்செமனே தோட்டத்துல பேதுரு தூங்கிட்டிருக்கும்போது இயேசு வந்து எழுப்புறார், என்ன சொல்லி? ‘சீமோனே, நித்திரைபண்ணுகிறாயா?’ பேதுரு மறுதலிச்சதுக்கு அப்புறம், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில கரிநெருப்பு போட்டு மீன் வெச்சிருக்கார், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்துல குளிர்காஞ்சுட்டே இயேசுவைத் தெரியாதுன்னு பேதுரு சொன்னாரே, அங்கயும் கரிநெருப்புதான், யோவான் ரெண்டு இடத்துலயும் அதை எழுதி வெச்சிருக்கார். அந்த நெருப்புக்குப் பக்கத்துல என்னை நேசிக்கிறாயான்னு மூணு தடவை கேட்கிறார், மூணு தடவையும் ‘யோனாவின் குமாரனாகிய சீமோனே’ன்னுதான். பாறையேன்னு கூப்பிட்டிருந்தா அந்த மனுஷன் தாங்கியிருப்பாரான்னு நான் நினைச்சுப் பார்ப்பேன். கொடுத்த பேரை அவர் திரும்ப வாங்கிக்கல, அதே சமயம் அதைச் சொல்லி குத்திக் காட்டவும் இல்லை, பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டுதான் ‘என் ஆடுகளை மேய்ப்பாயாக’ன்னு ஒப்படைக்கிறார்.

இன்னொன்னு, போற போக்குல சொல்லிடுறேன். சவுல் இரட்சிக்கப்பட்டு பவுலா மாறினார்னு நாம மேடையில சொல்லிட்டே இருக்கோம், வசனத்துல அப்படி இல்லை. தமஸ்கு வழியில இயேசு அவரைச் சந்திச்சதுக்கு அப்புறமும் அவர் சவுல்தான், அப்போஸ்தலர் 13:9ல ‘பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்’னு வருது, ரெண்டு பேரும் அவருக்கு இருந்துச்சு, புறஜாதியார் நடுவுல போனப்போ அவங்க வாய்க்குப் பழகின பேர் முன்னால வந்துச்சு. எனக்கு இதுதான் இன்னும் அழகா படுது.

சரி, சபைக்கு வருவோம். கிறிஸ்தவன்ங்கிற பேரை நாம வெச்சுக்கல. அந்தியோகியால மத்தவங்க வெச்சது, அப்போஸ்தலர் 11:26. விசுவாசிகள் தங்களை சீஷர், சகோதரர், பரிசுத்தவான்கள்னுதான் சொல்லிக்கிட்டாங்க. ஏரோது ராஜாவோட ஆளுங்களை ஏரோதியர்னு சொன்ன மாதிரி கிறிஸ்துவோட ஆளுங்கன்னு வெளியில இருந்தவங்க சொன்னாங்க. புதிய ஏற்பாடு முழுக்க அந்த வார்த்தை மூணே மூணு இடத்துல வருது, மூணாவது இடம் 1 பேதுரு 4:16, அதுல துன்பமும் சேர்ந்தே வருது, கிறிஸ்தவனா இருக்கிறதால பாடுபட்டா வெட்கப்படாதேன்னு. மெத்தடிஸ்ட்ங்கிற சபைப் பேரும் ஆக்ஸ்போர்டுல கேலியா ஒட்டின பேர்தான். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522லயே என் பேரால உங்களைச் சொல்லிக்காதீங்க, கிறிஸ்தவங்கன்னு சொல்லுங்க, நான் யாருக்காகவும் சிலுவையில அறையப்படலையேன்னு எழுதினார், அது பவுல் கொரிந்து சபையைக் கேட்ட அதே கேள்விதான். கேட்டாங்களா? இல்லை.

ஒரு சபை ரெண்டா பிரிஞ்சதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கேன். உபதேசத்துல சண்டை இல்லைங்க, பழைய பேர் யாருக்குன்னு சண்டை, கோர்ட்டு வரைக்கும் போச்சு. ஒருநாள் அந்தப் பக்கமா போனப்போ பார்த்தேன், போர்டுல பழைய பேர் மேல வெள்ளை பெயிண்ட் அடிச்சு புதுப் பேர் எழுதியிருந்தாங்க, சாயங்கால வெயில் சாய்வா விழுந்ததுல அடியில இருந்த எழுத்தெல்லாம் மேடா தெரிஞ்சுது. ரெண்டு பேரும் ஒண்ணு மேல ஒண்ணு, எதையும் படிக்க முடியல. அன்னைக்கு நைட் எனக்குத் தூக்கம் வரல.

சபைக்கு கிரேக்கத்துல எக்ளேசியா, கூப்பிட்டு வரவழைச்ச கூட்டம்னு அர்த்தம் சொல்வாங்க. அப்போ கூப்பிடுற குரல் ஒண்ணு இருக்கணும் இல்லையா? கல்லறைத் தோட்டத்துல மகதலேனா மரியாள் அழுதுட்டு நிக்கிறா. ‘ஸ்திரீயே, ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய்’னு இயேசு கேட்கிறார், முன்னாலயே நிக்கிறார், அவளுக்கு அடையாளம் தெரியல, தோட்டக்காரன்னு நினைச்சு, ஐயா நீர் எடுத்துட்டுப் போயிருந்தா எங்க வெச்சீர்னு சொல்லுமேன்னு கெஞ்சுறா. அவர் நான்தான் இயேசுன்னு சொல்லல, ஆணிக்காயத்தைக் காட்டல. ‘மரியாளே’ன்னார், அவ்வளவுதான். அவ திரும்பிப் பார்த்தா.